ரப்பர் ஸ்டாம்ப் விற்கும் வீடுகள்

வாழ்த்து அட்டை செய்வதற்கான ரப்பர் ஸ்டாம்ப், மை, வண்ணத்தாள், வெட்டு அச்சு போன்றவற்றைக் கடைக்கு அனுப்பாமல், வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் வழியாக வாடிக்கையாளரிடம் சேர்க்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் 1980களிலிருந்து இயங்கிவருகின்றன. யூட்டா மாநிலத்தின் ஸ்டாம்பின் அப் அவற்றுள் பேர்பெற்றது. இப்படி ஒரு நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்வது அறிவான காரியமா? இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். சேர்க்க வருபவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொந்தத் தொழில் நடத்தலாம் என்பார். எதிர்ப்பவர், சேர்த்த ஆளின் விற்பனையிலும் பங்கு தரும் பல அடுக்கு விற்பனை என்றாலே ஏமாற்றுதான் என்பார். இந்தத் தொழிலில் உண்மையாக எது விலைபோகிறது என்பதை இருவருமே பார்க்கத் தவறுகிறார்கள் என்பது என் கருத்து. ஸ்டாம்ப் விற்றுக் கிடைக்கும் கழிவில் ஒரு குடும்பம் வாழ முடியாது. ஆள் சேர்த்து வரும் பங்கை நம்பி இறங்கவும் கூடாது. ஆனால் கைவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத் தருபவருக்கு மக்கள் மனமுவந்து பணம் கொடுக்கிறார்கள். அந்த வேலைக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்ப்பவருக்கு மட்டுமே இது ஒரு சிறு தொழில். மற்றவர்களுக்கு இது தள்ளுபடி விலையில் கிடைக்கும் பொழுதுபோக்கு. அப்படி வைத்துக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. தொழில் என்று எண்ணிக் கடன் அட்டையை நீட்டும்போதுதான் கேடு வருகிறது.

இந்த வணிகம் யூட்டாவில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. அம்மாநில மக்களில் மிகப் பலர் மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். முன்னோர் வரலாற்றைத் தேடித் தொகுத்து வைப்பதை அத்திருச்சபை சமயக் கடமையாகவே வலியுறுத்துகிறது. 1980இல் சால்ட் லேக் சிட்டியில் அது நடத்திய உலக ஆவண மாநாட்டில் மேரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி தம் குடும்பப் படத்தொகுப்புகளைக் காட்சிக்கு வைத்தார். பார்த்தவர்கள் செய்முறை கேட்டார்கள். அவரும் கணவரும் ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற சிற்றூரில் அதற்கான பொருள்களை விற்கும் கடையைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் படத்தொகுப்புக் கலை பெருவணிகமானதற்கு இதைத்தான் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1987இல் படத்தொகுப்புப் பொருள்களை வீட்டுவழி விற்கும் கிரியேட்டிவ் மெமரீஸ் மினசோட்டாவில் தோன்றியது. அடுத்த ஆண்டில் ஷெல்லி கார்ட்னரும் அவருடைய சகோதரியும் லாஸ் வேகாஸில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஸ்டாம்பின் அப்பைத் தொடங்கினார்கள். பிறகு அது யூட்டாவின் தென்கோடியிலுள்ள கேனப் என்ற சிற்றூருக்குப் போனது. இன்று ரிவர்ட்டன் நகரில் தலைமையகம் இருக்கிறது. பெரிய குடும்பங்கள், வீட்டிலிருக்கும் படித்த தாய்மார்கள், ஒருவரையொருவர் வாரந்தோறும் சந்திக்கும் சபை வாழ்க்கை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் வீட்டுவழி விற்பனை செழித்ததில் வியப்பில்லை. நு ஸ்கின், யங் லிவிங், டோடெர்ரா என்று இன்னும் பல நேரடி விற்பனை நிறுவனங்கள் அதே மாநிலத்தில்தான் வளர்ந்தன.

வீடுவழி விற்பனை என்ற முறையே காட்டி விற்க வேண்டிய பொருள்களுக்காக வளர்ந்தது. டப்பர்வேர் 1951இல் கடைகளிலிருந்து தன் சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிரௌனி வைஸ் வழிகாட்டலில் முழுக்க முழுக்க வீட்டு விருந்துகளுக்கு மாறியது. அந்த டப்பாவின் மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவது என்று கடை அலமாரி சொல்லித்தரவில்லை. அண்டைவீட்டுப் பெண் சொல்லித்தந்தாள். ரப்பர் ஸ்டாம்புக்கு இது இன்னும் பொருந்தும். ஒளிபுகும் பாலிமர் ஸ்டாம்பை அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அழுத்தினால், எங்கே பதிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். சிவப்பு ரப்பரில் தெரியாது, ஆனால் நுண்கோடுகள் தெளிவாக விழும். ரப்பரின் முதுகில் நுரைப்பஞ்சு இருப்பதால் மேசை சற்று மேடுபள்ளமானாலும் பரவாயில்லை. பாலிமருக்கு அடியில் மெத்தென்ற விரிப்பு போடாவிட்டால் நடுவில் வெள்ளை விழும். சாய மை சட்டென உலர்ந்துவிடும். மேலே பொடி தூவிச் சூடுகாட்டிப் புடைப்பு எழுத்து எடுக்க வேண்டுமானால் மெதுவாக உலரும் நிறமி மையோ ஒட்டும் தன்மையுள்ள நிறமற்ற மையோ வேண்டும். ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டினால் சில மைகளின் கோடுகள் கரைந்து பரவும். எட்டரைக்குப் பதினொன்று அங்குலத் தாளைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு அட்டைகளுக்கு அடித்தாள் கிடைக்கும் என்பதுகூடத் தொடங்குபவருக்குப் புதிய செய்திதான். தாளின் நார் ஓடும் திசையைப் பார்த்து மடிக்காவிட்டால் மடிப்பு வெடிக்கும் என்பதை அட்டை பாழான பிறகுதான் பலர் அறிகிறார்கள். விலைப்பட்டியலில் ஏறாத இந்த நுணுக்கங்களைக் கற்கத்தான் வாடிக்கையாளர் வீடு தேடி வருகிறார். இவை தெரிந்துவிட்டால் ஸ்டாம்பை அவர் எங்கும் வாங்கிக்கொள்வார்.

இப்போது ஒப்பந்தத்தின் பண நிலையைப் பார்க்கலாம். ஸ்டாம்பின் அப் நிறுவனத்தில் அமெரிக்காவில் நெடுங்காலம் நிலவிய ஏற்பாட்டின்படி 99 டாலர் கொடுத்துத் தொடக்கப் பெட்டி வாங்கினால், விருப்பம்போல் 125 டாலர் மதிப்புள்ள பொருள்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதன்பின் வாங்குவதிலும் விற்பதிலும் 20 விழுக்காடு கழிவு; விற்பனை கூடினால் அது சற்று உயரும். காலாண்டுக்கு 300 டாலர் விற்பனை காட்ட வேண்டும். தனக்கென வாங்குவதும் அதில் சேரும். காட்ட முடியாதவர் பட்டியலிலிருந்து விலக்கப்படுவார். விரும்பினால் புதுப்பெட்டி வாங்கித் திரும்பவும் சேரலாம். இதில் கொடுமை ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கில் சரக்கை முன்னதாக வாங்கி அடுக்கச் சொல்லும் சில அழகுப்பொருள், ஆடை நிறுவனங்களோடு ஒப்பிட்டால் நுழைவு மிக எளிது. ஆனால் வருமானத்தின் அளவையும் இதே எண்கள் சொல்லிவிடுகின்றன. குறைந்தபட்ச விற்பனையை மட்டும் எட்டுபவருக்குக் காலாண்டில் 60 டாலர் கழிவு, ஆண்டுக்கு 240. மாதம் 1,000 டாலர் கழிவாகவே வர வேண்டுமென்றால் மாதம் 5,000 டாலருக்கு விற்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஒரு தடவைக்கு 50 டாலர் செலவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் மாதம் நூறு பேர் வாங்க வேண்டும். தெருவுக்குத் தெரு அட்டை செய்பவர் இருந்தாலொழிய இது நடவாது.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. சோப்பும் பற்பசையும் தீர்ந்துபோகும். நல்ல ஸ்டாம்பை ஒழுங்காகத் துடைத்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். தீராத பொருளை மறுபடி மறுபடி விற்க ஒரே வழி, அதைப் பழையதாக்குவதுதான். ஆண்டுக்கொரு முதன்மைப் பட்டியல், நடுவில் பருவகாலச் சிறு பட்டியல்கள், ஒன்றோடொன்று இசையும்படி மையிலும் தாளிலும் நாடாவிலும் ஒரே நிறக்குடும்பம், அதில் சில நிறங்கள் இரண்டாண்டுகளில் விடைபெறும் ஏற்பாடு என்று இந்தத் துறை இயங்குவது இதனால்தான். நிறங்கள் இசைவது வாங்குபவருக்குப் பெரும் வசதி, மறுக்க முடியாது. விற்பவருக்கோ இது ஓயாத செலவு. புதிய பட்டியலில் உள்ளதைச் செய்துகாட்ட வேண்டுமென்றால் புதிய ஸ்டாம்ப் அவர் கையில் இருக்க வேண்டும். போன ஆண்டு வாங்கியதைக் காட்டி இந்த ஆண்டுச் சரக்கை விற்க முடியாது. விற்காமல் தங்கியதைத் திருப்பிக் கொடுக்க வழியிருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்க நேரடி விற்பனைச் சங்கத்தின் நெறிமுறைப்படி, விலகுபவரிடமிருந்து ஓராண்டுக்குள் வாங்கிய விற்கத்தகுந்த சரக்கை உறுப்பு நிறுவனங்கள் 90 விழுக்காடு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பருவகாலப் பொருள், நிறுத்தப்படும் பொருள், சலுகைப் பொருள் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை விற்கத்தகுந்தவை என்ற வரையறைக்குள் வராமல் போகலாம். பட்டியல் அடிக்கடி மாறும் துறையில் இந்த விலக்கு சிறிய விலக்கு அல்ல. பெட்டி பிரித்துச் செய்துகாட்டப் பயன்படுத்தியதை எவரும் திரும்ப எடுக்கப் போவதுமில்லை.

காகிதக் கைவினைக்கே உரிய இன்னொரு முரண், பொதுவாக நேரடி விற்பனையைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் கவனிக்காதது. இங்கே மிக அதிகமாக வாங்கும் வாடிக்கையாளர்தான் மிகச் சீக்கிரம் விற்பனையாளராக மாறுகிறார். மாதம் 100 டாலர் செலவிடும் ஒருவர், தானே சேர்ந்தால் 20 டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போடுவது இயல்பு. அவர் சேர்ந்த அன்றே, அவரை இத்தனை நாள் பேணிய விற்பனையாளருக்கு அந்த 20 டாலர் நின்றுபோகிறது. அதற்கு ஈடாகக் கிடைப்பது, தகுதி வரம்புகளை எட்டினால் மட்டும் வரும் மிகச் சிறிய பங்கு. ஒரு தையற்கடைக்காரர் தம் நல்ல வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டே போவது போன்ற நிலை இது. ஈடுகட்ட இன்னும் பலரைச் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி இங்கேதான் பிறக்கிறது. ஓர் ஊரில் வாழ்த்து அட்டை செய்யும் ஆர்வலர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் பெரும்பங்கினர் விற்பனையாளராகிவிட்ட பிறகு, சேர்பவருக்கு எஞ்சியிருப்பது உறவினரும், நாலு தடவை அழைத்த பிறகு தயவுக்காக வருகிறவர்களும்தான்.

இதுவரை சொன்னது கணிப்பு. அளந்து பார்த்தவர்களின் முடிவுகளும் அதையே காட்டுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர்கள் 2024 செப்டம்பரில் 70 பல அடுக்கு நிறுவனங்களின் வருமான வெளிப்பாட்டு அறிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றின் தரவுகளின்படியே, பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்குக் குறைவாகவோதான் பெற்றனர். மாதத்துக்கு 84 டாலருக்கும் கீழ். குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பான்மையினருக்கு ஒரு காசும் வரவில்லை. அந்த அறிக்கைகள் பலவும் செலவைக் கழித்துக் காட்டவில்லை, ஒன்றும் ஈட்டாதவர்களைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டன என்பதையும் அலுவலர்கள் சுட்டிக்காட்டினார்கள். அமெரிக்க முதியோர் அமைப்பான ஏஏஆர்பியின் அறக்கட்டளை 2018இல் வெளியிட்ட ஆய்வில், பல அடுக்கு விற்பனையில் ஈடுபட்டவர்களில் 47 விழுக்காட்டினர் பணம் இழந்தனர். 27 விழுக்காட்டினருக்கு வரவும் செலவும் சரியாய்ப் போயிற்று. நால்வரில் ஒருவரே லாபம் கண்டார். இவை துறை முழுவதற்குமான எண்கள்; ஸ்டாம்ப் விற்பவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் கழிவின் அளவையும் வாடிக்கையாளர் வட்டத்தின் சிறுமையையும் சேர்த்துப் பார்க்கும்போது, காகிதக் கைவினை இந்தப் பொதுநிலையைவிட மேலாக இருக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சேர்ந்தவர்களில் பலர் சம்பாதிக்கவே வரவில்லை, தம் பொழுதுபோக்குக்குத் தேவையானதைக் குறைந்த விலையில் வாங்கவே வந்தார்கள், அவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டு எல்லாரும் தோற்றார்கள் என்பது நியாயமா என்று அவர்கள் கேட்கிறார்கள். ஸ்டாம்பிங் உலகில் இது முழு உண்மை. பொழுதுபோக்குக்காகச் சேர்ந்தவர், தொழிலுக்காகச் சேர்ந்தவர் என்று விற்பனையாளர்களே தங்களைப் பிரித்துப் பேசிக்கொள்வது அங்கே சாதாரணம். முதல் பெட்டியை மலிவாக வாங்கிக்கொண்டு அடுத்த காலாண்டிலேயே காணாமற்போகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏமாந்தவர்கள் அல்லர், நல்ல பேரம் முடித்தவர்கள். ஆனால் இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டால் அடுத்த படியையும் ஏற்றாக வேண்டும். பெரும்பாலோர் வாங்குபவர்களே என்றால், அவர்களை வாங்குபவர்கள் என்றே பதிவுசெய்யலாமே. 2016இல் ஹெர்பலைஃப் என்ற பல அடுக்கு நிறுவனத்தின் மீதான வழக்கு 20 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிந்தபோது ஆணையம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று இதுதான்: தள்ளுபடிக்காகச் சேர்பவரையும் தொழிலுக்காகச் சேர்பவரையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். அந்தப் பிரிவினை சட்டப்படி அந்த ஒரு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. எல்லா நிறுவனங்களும் தாமாகவே அதைப் பின்பற்றினால், சேர வருபவர் தாம் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று முதல் நாளிலேயே அறிந்துகொள்வார்.

சட்டப்படி இவை பிரமிடு மோசடிகளா என்ற கேள்விக்கும் இங்கே விடை சொல்லிவிடலாம். 1979இல் ஆம்வே என்ற பல அடுக்கு நிறுவனத்தின் வழக்கில் வணிக ஆணையம் அந்நிறுவனம் பிரமிடு அல்ல என்று முடிவு செய்தது. சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் விதி, வாங்கியதில் பெரும்பகுதியை விற்ற பிறகே மறுபடி வாங்கும் விதி, மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெளி வாடிக்கையாளர்களுக்கு விற்றதற்கான சான்று ஆகியவை அந்த முடிவுக்கு அடிப்படையாயின. ஆள் சேர்ப்பதற்கே பணம் என்றால் மோசடி; சரக்கு கடைசிப் பயனாளரிடம் போய்ச் சேர்ந்ததற்குப் பணம் என்றால் வணிகம் என்பதுதான் அளவுகோல். மையும் தாளும் அன்றாடம் பயன்பட்டு அட்டையாகி அஞ்சலில் போய்க்கொண்டிருக்கும் ஒரு தொழிலை மோசடி என்று சொல்ல நான் தயாரில்லை. எதிர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை அழித்துப் பேசுவதால், உண்மையான மோசடிகளைச் சொல்லும்போதும் அவர்கள் பேச்சு எடுபடாமல் போகிறது. சட்டத்துக்கு உட்பட்டிருப்பது லாபத்துக்கு உத்தரவாதமும் ஆகாது.

சரி, கற்பித்தலால் என்ன வரும்? ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர், தலைக்கு 25 டாலர் கட்டணம், ஆளுக்கு நான்கு அட்டை. வரவு 200 டாலர். தாள், உறை, நாடா, ஒட்டும் பொருள் ஆகியவற்றுக்கு ஆளுக்கு 6 டாலர் என்றால் 48. அந்த வகுப்புக்கென்று வாங்கிய ஸ்டாம்புத் தொகுப்பும் மையும் கழிவு போக 45 டாலர் என்று வையுங்கள். மிச்சம் 107. இதே 107 டாலரைக் கழிவாக ஈட்ட 535 டாலருக்குச் சரக்கு விற்றிருக்க வேண்டும். கற்பித்தலே வருமானத்தின் முதுகெலும்பு என்பதற்கு இந்த ஒப்பீடு போதும். ஆனால் நேரத்தை எண்ண வேண்டும். மாதிரி வடிவமைக்க இரண்டு மணி நேரம், 32 அட்டைகளுக்கான துண்டுகளை வெட்டிப் பிரித்து உறையிலிட நான்கு, வகுப்பு மூன்று, ஒழுங்குபடுத்தவும் பொருள் கேட்டவர்களுக்குப் பதிவுசெய்யவும் இரண்டு. ஆகப் பதினொரு மணி. வந்தவர்கள் எல்லாருமாக 200 டாலருக்குப் பொருள் வாங்கினால் 40 டாலர் கழிவும் சேரும். மணிக்கு ஏறத்தாழ 13 டாலர். 2009இலிருந்து மாறாமல் நிற்கும் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியான 7.25ஐவிட இது நன்று. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே. எட்டுக்கு நான்கு பேர் வந்தாலோ, கட்டணத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு வகுப்பை இலவசமாக நடத்தினாலோ கணக்கு கவிழ்ந்துவிடும். இலவச வகுப்புதான் இத்துறையின் தீராத நோய். பொருள் விற்பனையில் ஈடாகும் என்று எண்ணித் தம் உழைப்பை விலையில்லாமல் கொடுப்பவர்கள், தாம் விற்கக்கூடியவற்றுள் மிக உயர்ந்ததை விட்டுக்கொடுக்கிறார்கள்.

வரி இந்தக் கணக்கை இன்னும் சுருக்குகிறது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நேரடி விற்பனையாளர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஆகவே ஓய்வூதிய, மருத்துவ நிதிகளுக்கு முதலாளி செலுத்தும் பங்கையும் தாமே செலுத்த வேண்டும். ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரியாக 15.3 விழுக்காடு வரும். மறுபக்கம், ஐந்தாண்டில் மூன்றாண்டாவது லாபம் காட்டினால் அதைத் தொழில் என்றே வரித்துறை எடுத்துக்கொள்ளும். காட்டாவிட்டால் லாபநோக்கு இருந்ததை வேறு சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். பொழுதுபோக்கு என்று முடிவானால் 2018இலிருந்து செலவைக் கழிக்கவும் முடியாது, வரவுக்கு வரியும் உண்டு. சேர்ந்தால் வீட்டு வாடகையையும் காரையும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆசைகாட்டும் பேச்சு இந்த விதிகளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பணத்தை வைத்து மட்டும் அளப்பது தவறு என்பது எல்லா மறுப்புகளிலும் எனக்கு மிக நெருக்கமானது. சமூகவியலாளர் நிக்கோல் வூல்சி பிகார்ட் 1989இல் வெளியிட்ட நூலில், நேரடி விற்பனை அமைப்புகள் மேலதிகாரியையும் வருகைப்பதிவையும் வைத்து ஆளாமல் உறவையும் நம்பிக்கையையும் வைத்தே ஆள்கின்றன என்று விளக்கினார். ஸ்டாம்பிங் மேசையைச் சுற்றி அமரும் பெண்களுக்குக் கிடைப்பது வெறும் அட்டைகளல்ல. பிள்ளைகள் வெளியேறிய வீட்டில் வாரம் ஒரு மாலை நால்வர் வருவது, நோயுற்றவருக்குக் கையால் செய்த அட்டை போவது, ஒருவருடைய கைத்திறனை இன்னொருவர் பாராட்டுவது ஆகியவற்றின் மதிப்பை டாலரில் சொல்ல முடியாது. தனிமை மிகுந்த புறநகர் வாழ்க்கையில் இது அருமையான கொடை. ஆனால் இந்த உறவுதான் ஆள் சேர்ப்பின் கருவியாகவும் ஆகிறது என்பதையும் பிகார்டின் விளக்கம் உணர்த்துகிறது. தோழி அழைத்தால் மறுக்க முடியாது. தோழியிடம் கணக்குக் கேட்கவும் முடியாது. நட்பைக் காக்க வேண்டுமானால் பணத்தைத் தனியே எழுதி வைக்க வேண்டும். மகிழ்ச்சிக்காகச் செலவழித்ததைச் செலவு என்றே எழுதுபவருக்கு அந்த மகிழ்ச்சி குறைவதில்லை. அதைத் தொழில் முதலீடு என்று எழுதுபவர்தான் பின்னால் தோழியை வெறுக்கிறார்.

காலமும் இந்த வணிகத்தின் தரையை மாற்றிவிட்டது. கிரியேட்டிவ் மெமரீஸின் தாய் நிறுவனமான ஆண்டியாக் கம்பெனி 2008இல் திவால் பாதுகாப்பு கோரியது. 2013இல் மறுபடியும் அதே நிலை வந்தது. படங்கள் செல்பேசிக்கும் முகநூலுக்கும் போய்விட்ட பிறகு ஒட்டுவதற்குப் படமே அச்சாகவில்லை. தம் கீழே பெரிய குழு அமைத்து உழைத்தவர்களும் நிறுவனத்தோடு சேர்ந்து தள்ளாடினார்கள். ஒரே நிறுவனத்தின் பட்டியலை நம்பியிருப்பவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஸ்டாம்பிங் அந்த அடியிலிருந்து தப்பியது, வாழ்த்து அட்டைக்குப் படம் தேவையில்லை என்பதால். ஆனால் இணையம் வேறொரு வகையில் அதைத் தொட்டது. முன்பு ஊருக்கு ஒருவராக இருந்த விற்பனையாளர் இப்போது நாடு முழுவதற்கும் விற்கலாம்; அதாவது யூடியூபில் பெரும் பார்வையாளர் கூட்டம் வைத்திருக்கும் சிலரிடம் நாட்டின் விற்பனை குவிகிறது. அதே நேரத்தில் ஜோஆன் கைவினைப்பொருள் கடைகள் ஏறத்தாழ 800உம் 2025 மே மாதத்துக்குள் மூடப்பட்டதால், தொட்டுப் பார்த்து வாங்கவும் நேரில் கற்கவும் இடமில்லாத ஊர்கள் பெருகியிருக்கின்றன. இதை ஒரு வாய்ப்பு என்றே கருதுகிறேன், நேரில் கற்பிப்பவருக்கு. திரையில் பார்த்துப் பழகியவர்களும் கைபிடித்துத் திருத்த ஒருவரைத் தேடுகிறார்கள். அப்படிக் கற்பிப்பவர் எந்த நிறுவனத்தின் உறுப்பினராகவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நூலகத்திலும் முதியோர் இல்லத்திலும் கட்டணம் வாங்கி வகுப்பெடுத்து, பொருளை எங்கிருந்தும் வாங்கித் தரலாம். செய்த அட்டைகளைச் சந்தையில் விற்பதும் ஒரு வழிதான், பல ஸ்டாம்ப் நிறுவனங்கள் கையால் பதித்ததை விற்க அனுமதிக்கின்றன. ஆனால் ஓர் அட்டைக்கு அரைமணி நேரம் உழைத்து ஐந்து டாலர் பெறுவதில் கூலி நிற்காது.

நம்மூரில் ஸ்டாம்பிங் இந்த வடிவில் இல்லையென்றாலும், அமைப்பு நமக்கு அந்நியமல்ல. ஆம்வேயின் தொழிற்சாலை திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் இருக்கிறது. இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்கின்றன. சரக்கு எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: செலவும் நேரமும் போகக் கையில் என்ன நிற்கும்?

ஆகவே சேர நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அட்டை செய்வது பிடித்திருந்து, ஆண்டுக்கு 1,200 டாலர் அளவுக்கு எப்படியும் வாங்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் சேருங்கள். தள்ளுபடி உங்களுக்கு உரியது, யாருக்கும் எதையும் விற்க வேண்டியதில்லை. கற்பிக்கும் திறன் இருந்தால் முதல் வகுப்பிலிருந்தே கட்டணம் வாங்குங்கள், மணிக்கணக்கை எழுதி வையுங்கள். வருமானத்துக்காகச் சேரச் சொல்லி ஒருவர் அழைத்தால், அவருடைய மொத்த விற்பனையையும் அவர் வென்ற பயணப் பரிசையும் கேட்காதீர்கள். போன ஆண்டு அவர் தாக்கல் செய்த வரிப்படிவத்தின் ஷெட்யூல் சி பக்கத்தைக் கேளுங்கள். அதில் 31ஆம் வரி நிகர லாபம் அல்லது நட்டம். அந்த வரியைக் காட்டத் தயங்குபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.